சுண்ணாம்புக்குக் கீழே றோட்டு

எங்கள் வீட்டு முன்னறையின் பக்கச் சுவரில் ஒருநாள் காலை வீதித் திணைக்கள ஆட்கள் சிவப்பு மையால் நெட்டுக்கு ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு வீதிப் பக்கம் இருப்பதெல்லாம் புதிய வீதிக்குப் போகும், வாவிப் பக்கம் இருப்பது எங்களுக்கு மிஞ்சும். அளந்து பார்த்தேன். விறாந்தை முழுவதும் போகிறது. முன்னறையில் பாதி போகிறது. பின்னறை, குசினி, கிணறு தப்பின.

போவது என் வீடாக இருந்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. பெண்ணைக் கட்டுகிறவன் பெண் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பான். அது அக்காவின் வீடு. அம்மா குவைத்தில் வேலை செய்து அனுப்பியதில் அறை அறையாக எழும்பியது. அந்த வருடங்களில் எனக்குச் சோறு ஆக்கித் தந்து, தன் படிப்பை ஒன்பதாம் வகுப்போடு விட்டவள் அக்கா. வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை பார்க்கும் ஒருவரோடு கலியாணம் பேசி முடித்திருந்தது. கோடு விழுந்த கிழமையே மாப்பிள்ளையின் தாயார் வந்து சுவரைப் பார்த்தார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "வீட்டுக் கதை ஒரு முடிவுக்கு வரட்டும் மகள், மறுகா கலியாணத்துக்கு நாள் வைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிவுக்கு வருவதென்றால் ஊர் பேச வேண்டும். ஊர் பேசினால் என்ன நடக்கும் என்று தெரியாத வயதா எனக்கு? ஆனாலும் நம்பினேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். காகிதத்தில் ஒழுங்காகக் கீறிக் காட்டினால் மனிதர்கள் ஒழுங்காகக் கேட்பார்கள் என்று அங்கே பழக்கிவிட்டிருந்தார்கள். வீதியை இரண்டு பக்கமும் சமமாக அகலிக்காமல், எங்கள் ஊர் வரும் இடத்தில் மட்டும் கடற்பக்கம் கொஞ்சம் வளைத்தால் ஒரு வீடும் உடையாது. அந்தப் பக்கம் இடிந்துபோன அரசாங்கக் களஞ்சியமும் மணலும் கோயிலுக்குச் சொந்தமான நாலைந்து தென்னைகளும்தான் உண்டு. அதை ஒரு பெரிய தாளில் நிறம் நிறமாகக் கீறினேன்.

பாடசாலை மண்டபத்தில் கூட்டம். வீதித் திணைக்களத்திலிருந்து ஒரு பொறியியலாளர் வந்திருந்தார். தலைமை வகித்தவர் கோயில் வண்ணக்கர். கோயில் நிருவாகம் அவர் கையில் இருப்பதால் ஊர்க் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைமை. பொறியியலாளர் பேசி முடித்ததும், "இப்ப சபையோர் கருத்துச் சொல்லலாம்" என்றார் வண்ணக்கர்.

நான் தாளை விரித்துக்கொண்டு எழுந்தேன்.

"இரி மனே, இரி. குடி முறையாக் கூப்பிடுவம்" என்றார் வண்ணக்கர்.

தாய்வழியில் வருவது எங்கள் குடி. கோயிலில் எந்தக் குடிக்கு முதலில் காளாஞ்சித் தாம்பூலம், எந்தக் குடிக்குப் பிறகு என்று ஒரு வரிசை உண்டு. அது கோயில் காரியம். வீதிக்கும் காளாஞ்சிக்கும் என்ன சம்பந்தம் என்று பொறியியலாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

முதற்குடியார் பேசினார்கள். இரண்டாம் குடியார் பேசினார்கள். மூன்றாவதாக யார் என்பதில் பிடித்தது சண்டை. எங்கள் குடி மூன்றாவது என்று எங்கள் ஆட்கள், நாலாவது என்று மற்ற ஆட்கள்.

"உங்கட மூத்தாக்கள் நாலாவதாத்தானே நிண்டவங்க?"

"அது உங்கட மாமா ஒழுங்கா எண்ணத் தெரியாம நிப்பாட்டின நிலை!"

"எண்ணத் தெரியாதவன்ட மகளத்தானே நீ கட்டியிருக்கா?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பொறியியலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பின்னேரத்தில் பாதி அதிலேயே போனது. வீதி என்ற சொல்லை யாரும் சொல்லவே இல்லை. கடைசியில், சரி, எங்கள் குடி மூன்றாவது என்று ஒத்துக்கொண்டார்கள்.

எங்கள் குடிக்காகப் பேச வேண்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. முதல் நாளே எல்லாவற்றையும் அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தேன். இப்போது தாளையும் கையில் கொடுத்தேன். மாமா எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார். தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார்.

"எங்களுக்கு உரிய இடத்தத் தந்த சபைக்கு நன்றி. எங்கட குடிக்கு மரியாத கிடைச்சிட்டுது. ஆனபடியா, றோட்டுக்கு எங்கட குடி எதிரில்ல."

கைதட்டல். மாமா உட்கார்ந்தார்.

"மாமா! வீடு!" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எந்த வீடு?"

"அக்காட வீடு!"

"ஓ, அது... அது மறுகா பாப்பம் மருமகன். இந்த நல்ல நேரத்தில அதக் கிளப்பாத."

மீறி நானே எழுந்து கடற்பக்க வளைவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "அம்மன்ட தென்னையில கை வெக்கச் சொல்லுறயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. பொறியியலாளர் கோப்பை மூடினார். "நாங்க இன்னொருக்கா வந்து, போட்ட கோட்டப் பார்த்துப் பதிஞ்சிட்டுப் போறம். அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிப் புறப்பட்டார்.

அதற்குள் அம்மன் கோயில் சடங்கு வந்துவிட்டது. சடங்குக்காகக் கோயில் கதவு திறக்கும் நாளுக்கு முன் அம்மன் வலம் வரும் தெருவில் எல்லா வீடும் வெள்ளை அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால் நோய் வருத்தம் வரும், பழி வரும். அதைவிடப் பெரிய விஷயம், அயல் சிரிக்கும். சுண்ணாம்பு வாங்க ஏறாவூர்க் கடைக்குப் போனேன். கடை முதலாளி எனக்குப் பழக்கம்; அந்த ஊர் முஸ்லிம் மூத்தவர்களை நாங்கள் காக்கா என்போம்.

"தம்பி, சுவத்தில கோடு போடச் சிவப்பு மையும் என்னட்டத்தான் வாங்கினாங்க. இப்ப அதுக்கு மேல பூசச் சுண்ணாம்பும் என்னட்டத்தான் வாங்குறீங்க. நடத்துங்க, நடத்துங்க."

"றோட்டுக்கு உங்கட ஊரில என்ன முடிவு காக்கா?"

"நாங்க ஒரே நாளில முடிவெடுத்திட்டம்."

"பரவாயில்லயே!"

"என்ன பரவாயில்ல? ரெண்டு பள்ளிவாசல், ரெண்டு முடிவு."

வீட்டுக்கு வந்து, கோட்டின் மேல் மட்டும் பூச வேண்டாம் என்று அம்மாவிடம் மன்றாடினேன். அது அரசாங்க அடையாளம், அழிக்கக்கூடாது என்றேன். "அம்மன் வாற தெருவில ரத்தம் வழிஞ்ச மாதிரிச் சுவர் நிக்கவா? நல்ல படிப்புப் படிச்சா நீ" என்றார் அம்மா. இரண்டு பூச்சில் கோடு காணாமல் போனது. எங்கள் சுவரில் மட்டுமல்ல, தெரு முழுவதும். ஊரே பால்போல வெளுத்து நின்றது. அம்மன் வலம் வந்தாள், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடினார்கள், சடங்கு முடிந்தது. ஊரார் முடிவு ஒன்றும் எடுக்கவில்லை.

அடுத்த கிழமை பொறியியலாளர் நாடாவும் ஆட்களுமாக வந்திறங்கினார். கோடு எங்கே? ஒரு சுவரிலும் இல்லை. அப்போதுதான் எங்கள் ஊராருக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. "இதிலதான் சேர் இருந்த" என்று ஒருவர் வீதியோரத்து வாசற்படலையைத் தொட்டுக் காட்டினார். அடுத்த வீட்டார் படலைக்கு வெளியே வாய்க்காலையே காட்டினார். "அவங்க சுவரிலதான் சேர், எங்கட சுவரில போடவே இல்ல" என்றார் இன்னொருவர். அவர்கள் காட்டியபடி கீறினால் வீதி சாரைப்பாம்புபோல நெளியும். மாமா மும்முரமாக நின்று, எங்கள் விறாந்தைப் படியில் கால் வைத்து, "சத்தியமா இதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப முதலில இருந்து அளக்க வேணும். ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்" என்றார் பொறியியலாளர்.

கூடி நின்றவர்கள் முகங்களில் வெற்றிக் களை. ஒரு வருஷம்! அதற்குள் அரசாங்கம் மாறும், பணம் முடியும், யாருக்குத் தெரியும்?

அக்கா குசினியிலிருந்து வந்தாள். ஒரு கையில் தண்ணீர் வாளி, மறுகையில் சட்டி தேய்க்கும் தும்பு. யாரையும் பார்க்கவில்லை. பக்கச் சுவருக்குப் போய்த் தும்பை நனைத்துத் தேய்த்தாள். சுண்ணாம்பு கரைந்து வழிந்தது. முதலில் இளஞ்சிவப்பாக, பிறகு பளிச்சென்று, கோடு வந்தது.

"இஞ்ச இரிக்கு சேர்."

"உனக்கென்ன விசரா?" என்று மாமா பாய்ந்தார்.

"ஒரு வருஷம் ஆர் காத்திரிக்கிற மாமா? நீங்களா?"

பொறியியலாளரின் ஆட்கள் தும்பு கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனார்கள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. ஓடிப்போய்த் தாளை எடுத்து வந்து வாகனத்தின் முன்மூடியில் விரித்தேன். பொறியியலாளர் குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"இது சரிவரும்போல இருக்கே தம்பி. இத அண்டைக்கே காட்டியிருக்கலாமே?"

அப்போது எனக்கு வந்த கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் தாளின் சுருளை நீவிக்கொண்டு நின்றேன். கோயில் காணிக்குக் கோயிலின் சம்மதம் வேண்டும், அதற்கு ஊர்க் கூட்டம் வைத்து முடிவெடுத்துத் தாருங்கள் என்றார். இன்னொரு கூட்டம்!

அன்று பின்னேரம் அக்கா தானே மாப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். "விறாந்த முழுக்கப் போகும். முன்னற பாதி போகும். பின்னறையும் குசினியும் நிக்கும். வாறதெண்டா வாங்க" என்றாள். "கிணறு எந்தப் பக்கம்?" என்று மாப்பிள்ளை கேட்டது என் காதிலும் விழுந்தது.

"பின்னுக்கு."

"மறுகா என்ன? நாள வெக்கச் சொல்லுங்க."

கலியாணத்துக்கு முன்பே கோட்டுக்கு உட்பக்கமாக ஒரு குறுக்குச் சுவர் எழுப்பினோம். வாசலை வாவிப் பக்கம் திருப்பினோம். கலியாணம் நடந்தது. ஊரில் இன்றைக்கும், "உன்ட அக்காவாலதான்டா றோட்டு வருகுது" என்று என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. மாமாவும் சொல்வார்.

தென்னைக் காணிக் கூட்டம் கலியாணம் முடிந்த மறுகிழமை நடந்தது. தாளோடு போனேன், அத்தானையும் கூட்டிக்கொண்டு. வாசலில் நுழைவதற்குள்ளேயே வண்ணக்கர் கையை உயர்த்தினார்.

"புது மருமகன் எந்தக் குடி?"

அத்தான் சொன்னார். அந்தக் குடிக்கு எங்கள் ஊர் வரிசையில் இடமே இல்லையாம். இரண்டாவது வரிசையில் இருத்தலாம் என்று ஒருவர். பெண் எடுத்தவர் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று இன்னொருவர். மாமா சால்வையை உதறி எழும்பினார்.

அத்தான் என் முழங்கையைத் தொட்டார்.

"மச்சான், புதுச் சுவருக்கு நேத்துப் போட்ட பூச்சு காயுது. வெயில் ஏற முதல் தண்ணி தெளிக்கணும். வாறயா?"

தாளை மேசையில் வைத்துவிட்டு அவரோடு வீட்டுக்கு நடந்தேன்.