வேல்ஸ் பாடகரின் கோரைப்பல்

தன்னைக் கலைஞன் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் தேவையில்லை என்பதற்கு நம் பல்செட்டுக்காரரே ஆதாரம். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில், ஜன்னலில்லாத மூலையில் உட்கார்ந்து, பல் போனவர்களுக்கெல்லாம் பல்செட் செய்து கொடுப்பது அவர் உத்தியோகம். கேட்டால், "அது வயித்துக்கு" என்பார். உயிருக்கு, வேல்ஸ் நாட்டு ராக் குழு ஒன்று. மொத்தம் நான்கு பேர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கப்பல் வேலையில் இருந்த மச்சான் அவர்களுடைய சிடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த மச்சானே அதை மறந்துவிட்டார். இவருக்கு அன்று பிடித்தது இன்னும் இறங்கவில்லை.

அந்தப் பாட்டுகளில் மழை, சுரங்கம், மூடிப்போன ஆலை, அடங்காத கோபம் எல்லாம் இருக்கிறதாம். இவருக்குப் பாதி புரியாது. புரியாத பாதிதான் தன்னைத் தட்டி எழுப்புகிறது என்பார். எழுந்து என்ன கிழித்தார்? முதலில் கிதார் வாங்கினார். ஆறு மாதம் அதில் ஈரத்துண்டு காய்ந்தது. அடுத்து கவிதை. அது மூன்றாவது வரியில் நின்றது, இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. கடைசியில் கைக்குத் தெரிந்த வேலைக்கே வந்தார். பல்செட்டுக்கு எடுக்கும் இளஞ்சிவப்பு மெழுகில் நால்வரையும் கட்டைவிரல் உயரத்துக்குச் செதுக்கி, கூடத்து அலமாரியில் வரிசையாக நிறுத்தினார்.

தையல் ஆசிரியையான மனைவி குனிந்து பார்த்தாள். "ஏங்க, நாலு பேர் மூஞ்சியும் ஈறு மாதிரியே இருக்கே!"

கோடையில் நால்வரும் இளகி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். "இப்பதான் பாடுற மாதிரி இருக்கு" என்றாள்.

ஊர் மெச்ச வேண்டாம், பேப்பரில் படம் வர வேண்டாம். தன் கையால் செய்த ஏதாவது ஒன்றுக்கு இவள் வாயிலிருந்து ஒரு 'நல்லா இருக்கு' வந்துவிட்டால் போதும். மனிதர் பத்தொன்பது வருஷமாக எதிர்பார்த்தது அவ்வளவுதான். வெளியே சொல்ல வெட்கம். ஆனால் அவள் ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் அவருக்கு வலித்தது.

ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த குழு ஒரு நாள் புது ஆல்பம் வெளியிட்டது. அன்று காலை பல்செட்டுக்காரர் மேசையில் இருந்தது ஓய்வுபெற்ற கோர்ட் கிளார்க் ஒருவரின் பல்செட். மெழுகில் பற்களைப் பதித்து, அவர் வாயில் வைத்துப் பார்த்தாயிற்று. "முன்பல் ஆறையும் ஒரு நூல் உள்ள தள்ளிடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஏதோ மாநாட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். இவர் காதில் புதுப்பாட்டு, கையில் சூடான கத்தி. மெழுகை இளக்கி, ஆறு பல்லையும் பிடுங்கி, திரும்பப் பதித்தார். கண் திறந்துதான் இருந்தது, கவனம்தான் வேல்ஸில் இருந்தது. கை அதுபாட்டுக்கு, சுவரொட்டியில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான பாடகரின் வாயையே பதித்து வைத்தது. இடது கோரைப்பல் சற்று முன்னால் ஏறி, பக்கத்துப் பல்மேல் தோளைப் போட்டுக்கொண்டு நிற்கும் அந்த வாயை. பிறகு அச்சில் அடைத்து, வேகவைத்து, மெருகேற்றி, டப்பாவில் போட்டு மூடினார். உதவி டாக்டர் அதைக் கிளார்க்குக்கு மாட்டி, ஃபைலுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். அளவெடுத்துச் செய்தது, கச்சிதமாகப் பொருந்தியது.

திரும்பி வந்த டாக்டரம்மா போட்டோவைப் பார்த்தார்.

"காசு குடுத்து யாராவது கோணப்பல்லு வாங்குவாங்களா? அந்தாளு முப்பது வருஷம் கோர்ட்ல இருந்தவரு. நாளைக்கு வர்றாரு. ஒரு வார்த்தை குறை சொன்னார்னா, நீங்க உங்க பாட்டை வீட்ல உக்காந்தே கேக்கலாம்."

மறுநாள் கிளார்க் நேராகப் பின்னறைக்கே வந்து கதவைச் சாத்தினார். பல்செட்டுக்காரர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"இதச் செஞ்சது நீங்கதானா?"

"ஆமாங்க. ஒரு வாரம் டைம் குடுங்க, நேராக்கிடுறேன்."

"கை வெச்சீங்க, கேஸ் போட்டுருவேன்! பொட்டு கோணல் இல்லாம வரிசையா இருந்தா யாரு நம்புவா? ரொம்ப வருஷம் கழிச்சு ஊர்லேர்ந்து வந்த என் தம்பியே, 'அண்ணே, உனக்கு மட்டும் எப்படி ஒரு பல்லும் விழல'ன்னு கேக்குறான். பல்செட்டுன்னு ஒருத்தனுக்கும் தெரியல." கிளார்க் குரலைத் தாழ்த்தினார். "தெரியவும் கூடாது. உங்க வீட்ல கூட மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் பல்செட்டுக்காரர் சத்தியம் செய்தார். சாயங்காலத்துக்குள் அந்தக் கோணல் தன்னுடைய யோசனைதான் என்று டாக்டரம்மாவும் முடிவுக்கு வந்துவிட்டார்.

அடுத்த வாரம் கணவனும் மனைவியும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். நான்கடி தள்ளி கிளார்க், தம்பி சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மனைவி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பெரியவர் பல்லப் பாருங்களேன். அந்தக் கோணல்தாங்க அழகு. எவ்வளவு நல்லா இருக்கு! நீங்களும்தான் வருஷம் பூரா பல்லு பல்லா அடுக்குறீங்க, இப்படி ஒண்ணு வருமா? அது ஆண்டவன் செஞ்சதுங்க."

கிளார்க்கின் சிரிப்பு சட்டென்று நின்றது. அவர் இவரையே பார்த்தார். பல்செட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"ஆமா," என்றார், "நல்லாத்தான் செஞ்சிருக்கான்."