அப்பா பார்த்து வாங்கிய பெஞ்சு

மரத்தைப் பற்றி என் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. இதை அவரிடம் சொல்லும் தைரியம் ஆரணியில் யாருக்கும் இல்லை. பட்டு நெசவைப் பற்றி அவருக்கு எல்லாமே தெரியும் என்பதுதான் காரணம்.

அப்பாவின் தங்கையான என் அத்தையைப் பெண் பார்க்கப் போளூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் இரண்டு தறி போக நாலு பேர் உட்கார இடம் கிடையாது. அதனால் வெயில் மழை தாங்குகிற மாதிரி வாசலில் ஒரு பெஞ்சு போட்டுவிடலாம் என்றார் அப்பா. அத்தைக்கு அப்போது நர்ஸிங் படிப்பில் கடைசி வருடம். கல்யாணம் என்றால் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அத்தை கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அப்பா அசைந்துகொடுக்கவில்லை. எனக்கு ஒன்பது வயது. புதுப்பாவாடை கிடைத்ததில் நான் உலகத்தையே மறந்திருந்தேன்.

சனிக்கிழமை அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் தேக்கு என்று ஒரு பெஞ்சைக் காட்டினார். அப்பா, நூல் எண்ணுகிற பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மரத்தின் ரேகைகளை எண்ணினார். துண்டின் நுனியை நனைத்துத் தேய்த்து, சாயம் போகவில்லை என்று மெச்சிக்கொண்டார். அதோடு விட்டாரா? அடிப்பக்கம் ஒரு சிராயைப் பிய்த்து, தீக்குச்சியால் கொளுத்தி முகர்ந்தார். அசல் பட்டு எரிந்தால் முடி கருகிய வாடை வரும். மரம் எரிந்தால் மரம் எரிந்த வாடைதானே வரும்? அது வந்தது. அப்பாவுக்குப் பரம திருப்தி. சுற்றிலும் வார்னிஷ் டப்பாக்களை அடுக்கியிருந்த கடைக்காரர்தான் பதறிப்போய் அந்தச் சிராயைப் பிடுங்கி மிதித்து அணைத்தார்.

அத்தை மட்டும் உட்காரும் பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல்ரேகை வார்னிஷில் அப்படியே பதிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதையே எடுத்துக்கலாம்ணா. நல்லா பளபளன்னு கீது” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

மறுநாள் நல்ல வெயில். மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா மூவரும் நல்ல நேரத்துக்காகக் காத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். எழுந்திருக்கும்போது மாப்பிள்ளையின் வேட்டி வரவில்லை. மூவரும் சேர்ந்து எம்பியதில் பெஞ்சும் கூடவே ஒரு சாண் எழும்பியது. சொல்லி நெய்த பட்டுச்சேலையாயிற்றே என்று மாப்பிள்ளையின் அம்மா புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

பட்டு என்று காதில் விழுந்தால் அப்பா சும்மா இருப்பாரா? மண்டியிட்டு உட்கார்ந்து சேலையைப் பக்குவமாகப் பிரித்தெடுத்தார். ஓர் இழை மட்டும் கையோடு வந்துவிட்டது. அதை விரலில் உருட்டிப் பார்த்தார். முகம் மாறியது. பழக்கதோஷம், தள்ளிப் போய்த் தீக்குச்சியை உரசினார். இழை உருகிக் குண்டுமணியாக இறுகியது.

“தப்பா நெனைச்சிக்காதீங்கம்மா. யாரோ உங்கள நல்லா ஏமாத்திகிறாங்க. இது பட்டே இல்ல” என்றார், உண்மையான வருத்தத்தோடு.

அவர்கள் காபிகூடக் குடிக்காமல் வண்டியேறிவிட்டார்கள். தான் சொன்னதில் என்ன தப்பு என்று அப்பா ராத்திரி வரை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சம்பந்தம் கைநழுவிப் போன அத்தையை நினைத்து நான் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை என்னைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்கென்று செய்த கேசரியை எடுத்துவைத்து, ஒரே மூச்சில் இரண்டு தட்டு தின்று முடித்தாள். பாவம், துக்கத்தில் என்ன செய்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.