நவரத்தினம் கழற்றிய சப்பாத்து

நவரத்தினத்துக்கு ஜெர்மனியில் பயமான விஷயங்கள் இரண்டுதான். ஒன்று, அரசாங்க அலுவலகத்திலிருந்து தபாற்பெட்டியில் வந்து விழும் மஞ்சள் கடிதவுறை. மற்றது, மனைவி சுந்தரேஸ்வரி "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்வது.

கொஞ்சக் காலமாக அவள் அதை அடிக்கடி சொன்னாள். அவர்கள் இருந்தது குரோனவ் நகரில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டிடத்தின் நாலாம் மாடி. அவளுடைய முழங்கால்கள் இரண்டும் படியைக் கண்டாலே சண்டைக்கு வந்தன. முதலில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு வேலையை விட்டாள். பிறகு கடைக்கும் போகவில்லை. இப்போது பல்கணியில் நின்று கயிற்றில் ஒரு பையை இறக்குவாள். பாண் சுடுகிற தொழிற்சாலைக்கு வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் நவரத்தினம் கீழே நின்று பாலையும் தக்காளியையும் அதற்குள் வைத்துவிட்டு, "ம், இழு" என்பார்.

ஒருநாள் பை இரண்டாம் மாடியைக் கடக்கும்போது, அங்கே இருக்கிற கிழவர் யன்னலால் கையை நீட்டி ஒரு தக்காளியை எடுத்தார். மணந்து பார்த்தார். திரும்ப வைத்தார். நவரத்தினத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"விடுங்கோப்பா," என்றாள் சுந்தரேஸ்வரி மேலிருந்து. "கடைசி ஒரு மனுசனெண்டாலும் என்ர பையை எட்டிப் பாக்குது."

அதைக் கேட்டபடி பஸ்ஸில் ஏறிய நவரத்தினம், இறங்கும்போது ஒரு முடிவோடு இறங்கினார். நிலத்தோடு இருக்கிற வீடு. எப்பாடுபட்டாவது.

ஜெர்மனியில் வாடகை வீடு தேடுவது பெண் பார்ப்பதற்கு நேர்மாறு. இங்கே வீடு காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கும். மாப்பிள்ளைமார் வரிசையில் நின்று சம்பளச் சிட்டையைக் காட்டவேண்டும். பல வீடுகள் நவரத்தினத்தைப் பார்த்தன. எல்லாம் ஊருக்குப் போய்ப் பதில் போடுகிறோம் என்கிற தோரணையிலேயே அனுப்பிவைத்தன.

கடைசியில் ஒன்று வந்தது. ஊர் எல்லையில் அமைதியான ஒரு தெரு, தரைத்தளம், பின்னுக்குச் சின்னத் தோட்டம். எல்லை தாண்டினால் ஒல்லாந்து. அங்கே வீட்டு விலை தாங்காமல் இங்கே வந்து குடியேறிய ஒல்லாந்தர்தான் அந்தத் தெருவில் பாதிப்பேர். வீட்டுக்காரியும் அவர்களில் ஒருத்தி, பெயர் வில்மா. பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாள்.

"ஒல்லாந்தர் அந்தக் காலம் யாழ்ப்பாணத்திலை எங்களைக் கேளாமல் வந்து கோட்டை கட்டிக்கொண்டு இருந்தவை," என்றார் நவரத்தினம். "நாங்கள் கேட்டு, வாடகையும் குடுத்து இருக்கப்போறம். தரமாட்டினமோ?"

"அப்பா, இதை மட்டும் அங்கை சொல்லிப்போடாதேங்கோ," என்றாள் மகள் சாரங்கா. பல் வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகுகிறவள். யாராவது வாயைத் திறந்தாலே அவளுக்கு வேலை நேரம் மாதிரி இருக்கும்.

ஹம் நகரிலிருந்து மைத்துனன் யோகம் ஆலோசனையோடும் ஒரு சோடி சப்பாத்தோடும் வந்து இறங்கினான்.

"அத்தான், அக்காவின்ர முழங்கால் கதையை மட்டும் எடுக்காதேங்கோ. வருத்தக்காரர் எண்டா நாள் முழுக்க வீட்டிலை இருப்பினம், ஹீட்டர் எரியும், தண்ணி ஓடும் எண்டு கணக்குப் பாப்பாங்கள். கோட்டைப் போடுங்கோ. இந்தச் சப்பாத்தைப் போடுங்கோ. இதோடை போய்த்தான் நான் மூண்டு வீடு எடுத்தனான்."

"மூண்டிலையும் இருந்து எழுப்பினவங்கள்தானே?"

"அது வேறை அத்தான். எடுத்தது சப்பாத்து. எழுப்பினது என்ர வாய்."

சுந்தரேஸ்வரி வர மறுத்துவிட்டாள். "நான் நொண்டிக்கொண்டு வந்து நிண்டு, கிடைக்கிற வீட்டையும் கெடுக்கிறதே? நீங்கள் போட்டு வாங்கோ. எனக்கு ஒண்டுமில்லை."

சனிக்கிழமை மழை தூறியது. அந்தத் தெருவின் அமைதி எப்படிப்பட்டதென்றால், நாய்கூடக் குரைப்பதற்கு முன் சுற்றிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டுவிடும். வீடு பார்க்க வந்தவர்கள் வாசலிலிருந்து வேலி வரை குடையும் கோப்பும் பிடித்தபடி நின்றார்கள். எல்லாரும் கோட் போட்டவர்கள். ஒருவர் வக்கீல் என்பதை அவர் நிற்கிற விதமே சொன்னது. நேரத்தோடு வந்த நவரத்தினம் வரிசையில் முதல் ஆள்.

"அப்பா, போன வீட்டிலை சுவர், கதவு எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பாத்த மாதிரி இஞ்சை பாக்கவேண்டாம்," என்றாள் சாரங்கா.

"தட்டமாட்டன் பிள்ளை. கையைக் கட்டிக்கொண்டு நிப்பன்."

கையைப் பற்றித்தான் அவர் வாக்குக் கொடுத்தார். கதவு திறந்ததும் கால் தன் வேலையைப் பார்த்தது. ஒரு கை நிலையைப் பிடித்தது. வலது குதியால் இடதைத் தள்ளி, இடது பெருவிரலால் வலதைத் தள்ளி, யோகத்தின் ராசியான சப்பாத்து இரண்டையும் வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். பிறந்த நாளிலிருந்து யார் வீட்டு வாசலிலும் செய்கிற காரியம். சப்பாத்தோடு ஒரு வீட்டுக்குள் போவதென்றால் அவருக்கு முதலில் மயக்க ஊசி போடவேண்டும்.

பின்னால் நின்ற இளம் தம்பதி ஒருவரையொருவர் பார்த்தார்கள். விளம்பரத்தில் இருந்திருக்கும், நாங்கள்தான் சரியாக வாசிக்கவில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, அவசர அவசரமாகக் குனிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் அவர்களைப் பார்த்துக் கழற்றினார்கள். சட்டம் என்று ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று ஐயம் வந்தாலே ஜெர்மன்காரன் அதற்குக் கீழ்ப்படிந்துவிடுவான். வக்கீலும் கழற்றினார். அவருடைய காலுறையில் பெருவிரல் வெளியே வந்து வணக்கம் சொன்னது.

"அப்பா, திரும்பிப் பாருங்கோ," என்றாள் சாரங்கா மெதுவாக. "எல்லாரும் உங்களைப் பாத்துக் கழட்டுகினம்."

நவரத்தினம் திரும்பினார். வாசல் நல்லூர்த் திருவிழாவில் கோயில் வாசல் மாதிரிக் கிடந்தது.

"நான் ஒருத்தரையும் சொல்லேல்லையே!"

வில்மா குசினியிலிருந்து வந்து அத்தனை காலுறைகளையும் பார்த்து அசந்துபோனாள். அறுபது தாண்டிய உயரமான பெண். யார் சொன்னது என்று கேட்டாள். எல்லா விரலும் நவரத்தினத்தைக் காட்டின. அவர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்தார். அவள் புதிதாக மெழுகுபோட்ட மரத்தரையை மட்டும் ஒருதரம் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பார்ப்பது பனிச்சறுக்கல் விளையாட்டாகிவிட்டது. வக்கீல் வரவேற்பறையில் புறப்பட்டுக் குளியலறை வாசலில்தான் நின்றார். எல்லாரும் தோட்டம் அருமை, அமைதி அருமை என்று ஒரே பல்லவி பாடிவிட்டுப் புறப்பட்டார்கள். மழை பலத்தது. வாசலில் ஒரே நெருக்கடி. எல்லாம் கறுப்பு, ஆளாளுக்குக் கால் போன சப்பாத்துக்குள் நுழைந்து ஓடினார்கள்.

நவரத்தினத்துக்கு மிஞ்சியது அவருடைய காலில் பாதிக்கு மேல் ஏறாத ஒரு சோடி. அவருடைய பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனவனுக்கு அது தெரிவதற்கு நேரமெடுக்கும்.

"போட்டுக்கொண்டு வாங்கோ அப்பா, குதி வெளியிலை கிடக்கட்டும்."

"ஆற்றையோ சப்பாத்து. அந்தாள் திரும்பி வந்தா? வீடு கேட்டு வந்த இடத்திலை கள்ளன் எண்ட பேரோ?"

வாசற்படியில் குந்திவிட்டார். ஒரு காலில் நீலக் காலுறை, மற்றதில் மண்ணிறம். வில்மா கதவைப் பூட்ட வந்தபோது அப்படியேதான் இருந்தார். அவள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, குசினியில் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"இன்றைக்கு எல்லாரும் தோட்டம் பிடிக்கும் என்றார்கள்," என்றாள். "ஒருத்தரும் தோட்டத்துக் கதவைத் திறக்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்கு ஏன் இந்த வீடு?"

சாரங்கா வாயைத் திறந்தாள். பத்திரிகைக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு பதிலை அவள் பாடமாக்கி வைத்திருந்தாள். அதற்கிடையில் நவரத்தினம் தன் தொழிற்சாலை ஜெர்மனில் தொடங்கிவிட்டார். வேற்றுமை உருபெல்லாம் வழிதவறி ஓடின. ஆனால் நாலாம் மாடி வந்தது, முழங்கால் வந்தது, கயிறும் பையும் வந்தன. தக்காளியை மணந்த கிழவரும் வந்தார். அந்த இடத்தில் வில்மா மேசையைத் தட்டிச் சிரித்தாள். நவரத்தினமும் சிரிக்கப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டுக் கோப்பிக் கோப்பையைக் கையால் சுற்றினார்.

"என்ர மனுசி நல்லாக் கதைக்கிற ஆள்," என்றார். அது தமிழில்தான் வந்தது. சாரங்கா தணிந்த குரலில் அதை ஜெர்மனில் சொன்னாள்.

"உங்கள் மனைவி ஏன் வரவில்லை?" என்றாள் வில்மா.

"தன்னைக் கண்டா நீங்கள் வீடு தரமாட்டியள் எண்டு பயம்."

வில்மா கோப்பியை வைத்தாள். "காணாத ஆளுக்கு நான் வீடு கொடுப்பதில்லை. நாளைக்குக் கூட்டிவாருங்கள்." பிறகு அவருடைய காலைப் பார்த்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய், தோட்டவேலைக்குப் போடுகிற பெரிய மரச்சப்பாத்து ஒரு சோடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த அமைதியான தெருவில் அன்று நவரத்தினம் நடந்தது போல ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டிருக்காது. டொக், டொக், டொக். கதவுகள் திறந்தன. சைக்கிளில் இரண்டு சின்னப் பிள்ளைகள் பஸ் நிறுத்தம்வரை ஊர்வலம் வந்தார்கள். சாரங்கா பத்தடி பின்னால், யாரோ ஒருத்தரின் மகள் மாதிரி நடந்தாள்.

வீட்டில் காத்திருந்த யோகம் அழுவாரைப்போல நின்றான். "அத்தான், அது ராசியான சப்பாத்து!"

"ராசி இப்ப ஆற்றையோ காலிலை போகுது. பேசாமல் நாளைக்குக் காரை எடு."

ஞாயிற்றுக்கிழமை சுந்தரேஸ்வரியை நாலு மாடி இறக்கியது ஒரு தேர் இழுப்பு. சாரங்கா கதிரையோடு முன்னால் ஓடி ஒவ்வொரு மாடியிலும் வைப்பாள். அம்மா இருந்து மூச்சுவாங்குவாள். "வேண்டாமெண்டு அந்த மனுசியே சொல்லப்போகுது, இதுக்கு ஏன் இந்தப் பாடு," என்பாள். பிறகு எழும்புவாள்.

வில்மாவின் முன்னால் அவள் ஐந்து நிமிடம் நொண்டாமல் நடித்தாள். குசினிக்குள் போனதும் நடிப்பை மறந்துவிட்டாள்.

"என்னப்பா, இது குசினியோ, தீப்பெட்டியோ? தாளிச்சா ஆர் எங்கை நிக்கிறது? இந்தத் தண்ணித்தொட்டிக்குள்ளை என்ர சோத்துப்பானை இறங்குமோ? நான் யோசிச்சுத்தான் சொல்லுவன்."

நவரத்தினம் அவளுக்குக் கண்ணைக் காட்டினார்.

"என்ன சொல்கிறார்?" என்றாள் வில்மா.

"மிகவும் அழகான குசினி என்கிறார்," என்றாள் சாரங்கா.

"இல்லை. சின்னது என்கிறார். நானும் இந்தத் தெருவுக்கு வந்த அன்று என் குசினியைப் பார்த்து இப்படித்தான் கையை விரித்து அளந்து கத்தினேன்." வில்மா அலுமாரியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துவந்தாள். "எங்கே கையெழுத்துப் போடுவதென்று காட்டுகிறேன், வாருங்கள்."

நவரத்தினம் பேனாவைப் பிடித்த பிடியில் மை வராமல் நின்றது. தோட்டக் குழாய், குப்பை எடுக்கிற நாள், மத்தியானம் சத்தம் போடக்கூடாத நேரம் என்று வில்மா சொன்ன எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தமிழிலேயே தலையாட்டினார். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது மனைவியைக் காணவில்லை. குசினியில் இல்லை. தோட்டத்தில் இல்லை. வெளிக்கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

காலுறையோடு தெருவுக்கு ஓடினார்.

அங்கே, மூன்று வீடு தள்ளி, சுந்தரேஸ்வரி தனியாக நின்றாள். யாரும் பிடிக்கவில்லை, கதிரையுமில்லை. அந்தத் தெருவில் யன்னலுக்குத் திரை போடுகிற வழக்கமில்லை. உள்ளே கதிரை, பூனை, தொலைக்காட்சி, மேசையில் என்ன சாப்பாடு என்பதெல்லாம் வெளியே தெரியும். அவள் வேலியில் கையை ஊன்றி ஒரு வீட்டை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த பெண் ஒருத்தி கையசைக்க, இவளும் அசைத்தாள்.

"என்னப்பா இது! சொல்லாமல் கொள்ளாமல்... கால் நோகேல்லையே?"

"நோகுது," என்றாள் சுந்தரேஸ்வரி. அவள் அதைச் சொல்லி அவர் கேட்டதில்லை. "பேசாமல் நில்லுங்கோ. அங்கை பாருங்கோ, கிழங்கை வெறும் தண்ணியிலை அவிச்சு அப்பிடியே தின்னுதுகள். பாவங்கள். அங்காலை வீட்டிலை என்னெண்டு பாப்பம், வாங்கோ."

அவருக்காகக் காத்திராமல் அவள் நடந்தாள்.