பாட்டைத் தொடங்குகிற குரல்

ஜப்பானிலிருந்து கொள்கலன் வந்து இறங்கும் நாளில், பழைய சாமான் விற்கும் ஈப்போவின் அந்தப் பண்டல் கடையில் யாரும் சட்டென்று அதன் கதவைத் திறக்க மாட்டார்கள். மேற்பார்வை பார்க்கும் காக் ரோஸ் முதலில் வாய்க்குள் துஆ ஓதுவார். தினேஸ்வரி எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைப்பாள். எல்ஸி சிலுவை போட்டுக்கொள்வாள். அதன் பிறகுதான் தாழ்ப்பாள் விலகும். உள்ளே யாரோ வேண்டாமென்று விட்டுவிட்ட வீடுகள் அடுக்கடுக்காக இருக்கும். கரடி பொம்மைகள், சோற்றுக் கிண்ணங்கள், பெயர் எழுதிய பள்ளிக்கூடப் பைகள்.

"எல்லாம் செத்தவங்க வீட்டு சாமான், எல்ஸிக்கா. ஆள வச்சு வழிச்சு அள்ளிடுவாங்களாம்" என்றாள் தினேஸ்வரி.

"யாரு சொன்னா?"

"டிக்டாக்ல போட்டிருந்தான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும். கைய வேலையில வை லா."

பேட்டரியில் ஓடும் பொருள்களைச் சோதித்துப் பார்ப்பது எல்ஸியின் வேலை. ஓடினால் விற்பனைக்கு, ஓடாவிட்டால் குப்பைக்கு. இதற்கு முன் அவள் கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தாள். அதற்கும் முன், இப்போது செம்பனை நிற்கும் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஐந்து பிள்ளைகளுக்கு மூத்தவளாக வளர்ந்தாள். சிம்பாங் பூலாயில் கல் லோரி ஓட்டும் மத்தியாஸைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தபோது, லயத்திலிருந்து அவள் கொண்டுவந்தது ஒரு கோரைப்பாயும் ஒரு வழக்கமும்தான்.

வழக்கம் இதுதான். சாயங்காலம் ஏழு மணிக்குப் பாயில் உட்கார்ந்து குடும்ப செபம். அப்பா பைபிள் வாசிப்பார், அம்மா செபம் சொல்வாள், பாட்டை மட்டும் வீட்டின் கடைக்குட்டிதான் தொடங்க வேண்டும். லயத்தில் கடைசித் தம்பி காய்ச்சலில் கிடந்த நாளில்கூட, அவன் முனகித் தொடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

இந்த வீட்டில் கடைக்குட்டியும் ஒரே குட்டியும் ஷார்மேன். ஏழு மணிக்கு அவள் அப்பா எதிர்வீட்டு உடையப்பனோடு கேட்டடியில் கதை அளந்துகொண்டிருப்பான். ஷார்மேன் வேண்டுமென்றே, தெருவுக்கே கேட்கும்படி தொண்டையைத் திறப்பாள். "வந்துட்டேன்லா, வந்துட்டேன்லா!" என்று அவன் வெளிக்குழாயில் காலைக் கழுவிக்கொண்டு ஓடி வருவான்.

எட்டு வயதில் டெங்கி அவளைக் கொண்டுபோனது. பாய் அலமாரிக்கு மேலே ஏறியது. செபத்தை நிறுத்துவோம் என்று யாரும் சொல்லவில்லை. தொடங்க ஆளில்லை, அவ்வளவுதான். தினமும் ஏழு மணிக்கு எல்ஸி குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள், வீட்டின் அமைதி காதில் விழாமலிருக்க. அந்தப் பாயை இன்னொரு முறை விரித்து, மத்தியாஸ் ஒரு ஓரம், தான் ஒரு ஓரம் என்று உட்கார வேண்டும். அவள் ஆசையெல்லாம் அதுதான். அவனிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

அன்று கடையில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட் கருவி வந்தது. கேசட் உள்ளேயே இருந்தது. கூடவே கட்டியிருந்த அட்டையில் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி வாய் திறந்து பாடிக்கொண்டிருந்தது. தினேஸ்வரி போனைக் காட்டி மொழிபெயர்த்தாள்.

"குடும்பமா சேந்து பாடுற பிள்ளைங்க பாட்டாம்க்கா."

எல்ஸி பேட்டரி போட்டு அமுக்கினாள். கரகரப்பு. பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், தனியாக. முதல் அடியை அவள் முடித்த பிறகுதான் பெரியவர்கள் சேர்ந்தார்கள். அடுத்த பாட்டும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"அக்கா, ஏன் அழுவுற?"

"தூசி லா."

காக் ரோஸிடம் சொல்லி அதை வீட்டுக்கு எடுத்துவந்தாள். மத்தியாஸ் வருவதற்குள் ஒருமுறை கேட்டுவிட்டு மறைத்துவைக்க நினைத்தாள். ஆனால் கை அலமாரிக்கு மேலே போய்ப் பாயை எடுத்தது. விரித்து, கருவியை நடுவில், ஷார்மேன் உட்காரும் இடத்தில் வைத்து அமுக்கினாள். மூடிய வீட்டில் அந்தக் குரல் கடையில் கேட்டதைவிடப் பெரிதாக எழுந்தது.

வெளியே மோட்டார்சைக்கிள் சத்தம் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"வந்துட்டேன்லா!"

குழாய்த் தண்ணீர் கொட்டும் ஓசை. மத்தியாஸ் ஈரக் காலோடு உள்ளே வந்து, தன் ஓரத்தில் உட்கார்ந்து, கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதை அந்தப் பெண் தொடங்கினாள். அவன் கண்ணைத் திறந்தான்.

"யாரு இது?"

"ஜப்பான் பாட்டுங்க. கடைக்கு வந்துச்சு."

"யாருன்னு கேட்டேன்."

"தெரியலங்க."

"உயிரோட இருக்காளா?"

"பழைய டேப்பு. இருந்தா இப்ப என்னவிட மூத்தவளா இருப்பா."

அவன் கருவியைத் தூக்கி, பேட்டரிகளைப் பிடுங்கி, அவற்றை ஜன்னல் வழியாகச் சாக்கடையில் வீசினான்.

"அவ பாடின எடத்துல கண்ட பேயும் பாட வேணாம்."

அன்று அவன் சாப்பிடவில்லை. எல்ஸி கருவியைப் பையில் போட்டுக் கட்டினாள். பாயைச் சுருட்ட மட்டும் மனம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் வந்து நின்றது. ஆள் உள்ளே வரவில்லை. எல்ஸி ஜன்னல் வழியே பார்த்தாள். கேட்டுக்கு வெளியே மத்தியாஸ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தான்.

"என்ன மச்சான், வீட்டுக்கு வழி மறந்துருச்சா?" என்றான் உடையப்பன்.

மத்தியாஸ் பேசாதே என்பதுபோல் கையை உயர்த்தினான். ஹெல்மெட்டை மெல்லக் கழற்றினான். தலை வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது.

பாட்டு தன்னைக் கூப்பிடட்டும் என்று அவன் காத்திருப்பது எல்ஸிக்குப் புரிந்தது.

மூத்தவளாகப் பிறந்தவள், வாழ்க்கையில் ஒரு பாட்டையும் தொடங்கியதில்லை. கோயில் பாட்டைத் தொடவும் முடியவில்லை, அதெல்லாம் ஷார்மேனுடையது. வாயில் வந்தது மஞ்சள் பெட்டியின் பாட்டுதான். அர்த்தம் தெரியாது. சொற்களும் பாதிதான், மீதிக்கு ஏதோ ஒலிகளை இட்டு நிரப்பினாள். குரல் நடுவில் உடைந்தது. முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள், இந்த முறை வாசல் கேட்டுவரை போகும்படி.

"வந்துட்டேன்லா."

தண்ணீர் ஓசை. அவன் வந்து தன் ஓரத்தில் உட்கார்ந்தான். நடுவிடத்தை இருவரும் தொடவில்லை. அவன் வாசித்தான். அவள் செபம் சொன்னாள்.

"இன்னைக்கு நம்ம பிள்ளைக்குத் தொண்ட கட்டியிருக்கு போல" என்றான் மத்தியாஸ், நடுவிடத்தைப் பார்த்தபடி.

எல்ஸி அவனைத் திருத்த வாயெடுத்தாள். பிறகு பாயின் நடுவில் விழுந்திருந்த சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"நாளைக்குச் சரியாயிரும்ங்க."