என் மகளின் நாற்பது நாள் உபவாசம்

என் மகளைத் தூக்கியபோது என் கை பயந்துவிட்டது. நாலு வருஷமாக இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டார். ஆண்டவர்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன் நான். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் மார்க்கெட்டில், காய்கறி மண்டியில் எடை போடுவது என் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மூட்டையைத் தூக்கினால் போதும், எத்தனை கிலோ என்று கை சொல்லிவிடும். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

"அண்ணே, இது இன்னா இருக்கும்?"

"நாப்பத்தெட்டு."

தராசில் ஏற்றினால் நாற்பத்தெட்டு இருக்கும். "அண்ணன் கையில பேட்டரி போட்டுகினு கீறாருடா!" என்று சிரிப்பார்கள்.

எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பேச வராது. சபையில் கடைசி பெஞ்சில் உட்காருவேன். ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சாட்சி சொல்லுகிற நேரம் வந்தால் குனிந்து செருப்பைத் தேடுவேன்.

சுனாமி வந்து இரண்டு மாதம் கழிந்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், லெந்து நாட்கள். அன்று சனிக்கிழமை காலை, கத்தரிக்காய் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் படிக்கட்டின் அடியில் பூ விற்கும் அஞ்சலை அக்கா மார்க்கெட்டுக்குள் ஓடி வந்தார்.

"அண்ணா! உன் பொண்ணு பிரிட்ஜு படியில வுழுந்து கெடக்குது! பேச்சே இல்ல, ஓடியா!"

ஓடினேன். ரூபி படியில் சாய்ந்து கிடந்தாள். தோளில் காலேஜ் பை அப்படியே இருந்தது. யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தூக்கினேன்.

நான் நினைத்த எடைக்குப் பலம் கொடுத்துத்தான் தூக்கினேன். அவள் சட்டென்று மேலே வந்துவிட்டாள். நான் பின்னால் விழப் பார்த்தேன். அஞ்சலை அக்கா என் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் என் கை ஒரு எடை சொன்னது. அதை இங்கே எழுத மாட்டேன். எழுத வேண்டாம் என்று ரூபி கேட்டுக்கொண்டாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் டைபாய்டு வந்தபோதும் இவளை இதே கையில்தான் தூக்கிப் போனேன். அன்று இருந்த எடைகூட இப்போது இல்லை. வயதோ பத்தொன்பது. உலகத்தில் இருக்கிற மூட்டைக்கெல்லாம் எடை சொன்ன எனக்கு, என் வீட்டில் குறைந்துகொண்டே போனது தெரியவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயது. கண் இமையை இழுத்துப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா சாப்பிடல?"

"உபவாசம் இருக்கா டாக்டர். லெந்து நாள் நடக்குதில்ல."

"ஐயா, இது ஒரு மாசத்துல வந்தது இல்ல. ஏழெட்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமா நடந்திருக்கு. வீட்ல யாருமே பாக்கலையா?"

டாக்டர் என் மடியில் இருந்த காலேஜ் பையைப் பார்த்தார்.

"பொண்ணு என்ன படிக்குது?"

"சத்துணவுப் படிப்பு சார். நியூட்ரிஷன். ரெண்டாவது வருஷம்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு, இருதயத் துடிப்பு ரொம்ப மெதுவாக இருக்கிறது, ரெண்டு நாள் தாண்ட வேண்டும் என்றார்.

நீங்களும் கேட்பீர்கள், வீட்டில் ஏன் பார்க்கவில்லை என்று. நான் விடியற்காலையில் மண்டிக்குப் போய்விடுவேன். என் மனைவி செல்வி தையல் கம்பெனிக்குப் போய்விட்டு இருட்டித்தான் வருவாள். ரூபியின் படிப்பில் சமையல் பிராக்டிகல் உண்டு. வாரத்தில் மூன்று நாள் காலேஜிலேயே சமைப்பார்கள். "சாப்பிடும்மா" என்றால், "பிராக்டிகல்ல பண்ணதையே சாப்பிட்டுட்டேம்மா, வயிறு ஃபுல்லு" என்பாள். சமையல் படிக்கிற பிள்ளை, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறது என்று நம்பினோம். பிறகு லெந்து வந்தது. நாற்பது நாளும் உபவாசம் இருக்கிறேன் என்றாள். எங்களுக்குப் பெருமை.

இனி எழுதப்போவதுதான் எல்லாவற்றையும்விட எழுதக் கஷ்டம்.

லெந்தின் இரண்டாவது ஞாயிறு. சாட்சி நேரத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுந்து நின்றேன். "எம்பொண்ணு நாப்பது நாள் உபவாசம் இருக்கறாளுங்க. இந்த வயசுல இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. போதகர் ஐயா ரூபியை எழுந்து நிற்கச் சொல்லி, வாலிபப் பிள்ளைகள் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். "முகத்துல என்ன பிரகாசம்" என்று சொல்லி முன்வரிசை அம்மா ஒருவர் அவள் கன்னத்தைத் தொட்டார். அது பிரகாசம் அல்ல. இரத்தம் இல்லாத வெளுப்பு.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் முழங்காலில் நின்றேன். ஜனங்கள் குடத்தோடும் பாட்டிலோடும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "ஆண்டவரே, என் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னே எனக்குத் தெரியல. அவகிட்ட என்ன கேக்கறதுன்னும் தெரியல. பேசத் தெரிஞ்ச ஒருத்தர அனுப்பும்." அதற்குமேல் ஜெபம் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எழுந்து திரும்பினேன். பர்தா போட்ட ஒரு அம்மாவும் ஒரு சின்னப் பெண்ணும் வார்டு வாசலில் நர்ஸிடம் ரூபியின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரூபியோட அப்பாவா? நான் நூர்ஜஹான். அவளோட கிளாஸ் டீச்சர். இவ கவிதா, ஃப்ரெண்டு. இன்னைக்கு கிளாஸுக்கு வரலன்னு பெருங்களத்தூர்ல உங்க வீட்டுக்குத்தான் போனோம். பக்கத்து வீட்ல இங்க இருக்கறதா சொன்னாங்க."

யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அன்றைக்கென்று அவர்களாகவே புறப்பட்டு வந்திருக்கிறார்கள்.

கவிதாதான் முந்தின நாள் மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். பிராக்டிகலில் சமைத்ததை ஒவ்வொருவரும் ருசி பார்த்து, ஒரு தாளில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டுமாம். ரூபி பல மாதமாக ஒரு வாய்கூட ருசிக்காமல், பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், தப்பு எங்க பக்கமும் இருக்கு" என்றார் மேடம். "வருஷ ஆரம்பத்துல ஒரு பிராக்டிகல். எல்லாருடைய எடையும் எடுத்து போர்டுல எழுதுவோம். கணக்குப் போட்டுப் பழகறதுக்கு. ரூபி எடைதான் அதிகம். ஒரு பொண்ணு, 'நீயே இப்படி இருந்தா, உங்கிட்ட வர்ற பேஷண்ட் உன்னப் பாத்துச் சிரிக்க மாட்டானா'ன்னு சொல்லியிருக்கா. கிளாஸே சிரிச்சிருக்கு. நான் போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கிட்டிருந்தேன். என் காதுல விழல."

அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. மண்டியில் நாங்களும் எடையைக் கத்தித்தான் சொல்லுவோம். ஆனால் கத்தரிக்காய்க்குக் காது கிடையாது.

மறுபடியும் உள்ளே போனோம். ரூபி கண் விழித்திருந்தாள். செல்வியும் கம்பெனியிலிருந்து வந்துவிட்டாள். டாக்டர் சொன்ன அளவுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். ரூபி வாயைத் திறக்கவில்லை. மேடம் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில் ரூபியே பேசினாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அப்பா, அன்னைக்கு ஞாயித்துக்கிழமை நான் சாப்பிடறதா இருந்தேம்ப்பா."

"எந்த ஞாயித்துக்கிழமைம்மா?"

"நான் சாப்பிடறதே இல்லன்னு கவிதா அழுதுட்டா. அதனால சர்ச் முடிஞ்சதும் சாப்பிட்டுடலாம்னு முடிவு பண்ணியிருந்தேன். நீங்க எழுந்து நின்னு சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படிப்பா நிறுத்தறது?"

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாழ்நாளில் ஒரு நாள் வாயைத் திறந்தேன். என் பிள்ளை கீழே இறங்க வைத்திருந்த ஏணியை அன்றுதான் எடுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது மேடம் சொன்னார். "டாக்டர் மருந்து கொடுப்பார். மனசுக்கும் டாக்டர் இருக்காங்க, நான் கூட்டிட்டு வர்றேன். ஆனா அவ சாமிகிட்ட சொன்னத மீறினதா நினைக்கக்கூடாது. அந்த முடிச்ச நீங்கதான் சார் அவிழ்க்கணும். என்னால முடியாது."

பேசத் தெரிந்த ஒருவரை அனுப்பும் என்று கேட்டேன். ஆண்டவர் அனுப்பினார். வந்தவர் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. சாட்சி நேரம் வந்தது. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"போன மாசம் இதே எடத்துல நான் சொன்னது தப்புங்க. எம்பொண்ணு இருந்தது உபவாசம் இல்ல. அவளுக்கு உடம்பு சரியில்ல, மனசு சரியில்ல. அது தெரியாம நான் ஸ்தோத்திரம் சொல்லிட்டேன். இனி யாரும் அவள மெச்சாதீங்க. அவ சாப்பிடணும்னு ஜெபம் பண்ணுங்க."

முன்னால் ஒருவர், "பெத்த பொண்ணப் பாக்கத் தெரியல, சாட்சி சொல்ல மட்டும் வந்துட்டாரு" என்று முணுமுணுத்தார். அது உண்மைதான். நான் உட்காரவில்லை. அப்போது போதகர் ஐயா மேடையை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். "நானும்தான் பாக்கல" என்றார். கன்னத்தைத் தொட்ட அந்த அம்மா வாய்விட்டு அழுதார்.

நம் சபையில் உபவாச ஜெபம் முடிந்தால், போதகர் ஜெபித்துக் கஞ்சி கொடுத்து முடித்துவைப்பது வழக்கம். அன்று மத்தியானம் ஐயா ஒரு பிளாஸ்கில் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டார். நாலே ஸ்பூன். நூர்ஜஹான் மேடமும் இருந்தார்.

"ரூபிம்மா, இந்த உபவாசத்த மேடையில நின்னு பெரிசாக்கினது நான்தான். நானே முடிச்சு வைக்கறேன். ஆண்டவர் ஒங்கிட்ட பட்டினி கேக்கல" என்று சொல்லி, அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார்.

அவள் வாயைத் திறந்தாள். ஒரு ஸ்பூன் உள்ளே போனது. நாங்கள் நாலு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகத்தைச் சுளித்தாள்.

"கஞ்சியில உப்பே இல்லீங்க ஐயா."

மேடம் உடனே, "ருசிக்கு எத்தன மார்க் போடுவ?" என்று கேட்டார்.

"பத்துக்கு மூணு மேடம்."

செல்வி சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, என் மகள் தானே ருசி பார்த்துப் போட்ட மார்க் அது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்ச் சாட்சி. அந்த ரெண்டு நாளைத் தாண்டினாள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அதன்பின் மனநல டாக்டரிடம் ஒரு வருஷத்துக்கு மேல் போனோம். தட்டைத் தள்ளிவிட்ட நாட்கள் இருந்தன. என்னைத் திட்டிய நாட்களும் இருந்தன. காலேஜில் மதியம் மேடமும் கவிதாவும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எடை எடுக்கும் பிராக்டிகலில் திரை கட்டினார்கள். இப்போது பெயரோ எண்ணோ போர்டில் ஏறுவதில்லை. பிள்ளைகள் போய்ப் பேசுவதற்கென்று ஒரு அறை ஒதுக்கினார்கள், அதில் வாரம் ரெண்டு நாள் ஒரு ஆலோசகர் வந்து உட்கார்ந்தார். "சாப்பாட்டப் பத்திப் படிக்கற பிள்ளைங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் சீக்கிரம் ஒட்டிக்குது. பகல் முழுக்க அதே கணக்குத்தானே" என்றார் மேடம்.

ரூபி படிப்பை முடித்தாள். இன்று ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாடு சொல்லிக்கொடுக்கிறாள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் படித்த காலேஜுக்குப் போய், புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் தன் கதையைச் சொல்லிவிட்டு வருகிறாள். நானும் மாறியிருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்துவிடுவேன். "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். மண்டியில் இன்னும் கையால் எடை சொல்கிறேன். வீட்டில் தராசு கிடையாது.

சகோதரர்களே, சகோதரிகளே, உங்கள் பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினால், அது பக்தியாகவே இருந்தாலும், பக்கத்தில் உட்காருங்கள். என்னைப் போல அவசரப்பட்டு ஸ்தோத்திரம் சொல்லாதீர்கள். என்ன கேட்பதென்று தெரியாவிட்டால் தெரியாது என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். பேச வராதவனின் ஜெபத்தையும் அவர் கேட்கிறார். அவர் அனுப்பும் ஆள் டாக்டராக இருக்கலாம், டீச்சராக இருக்கலாம், வேறு வழியில் ஜெபிக்கிறவராகவும் இருக்கலாம். வாசலைத் திறந்துவிடுங்கள்.

இந்த லெந்து வெள்ளிக்கிழமைகளில் சபையில் கஞ்சி காய்ச்சும் பொறுப்பை ரூபிதான் எடுத்திருக்கிறாள். அடுப்பிலிருந்து இறக்கும் முன் அவளே முதலில் ஒரு வாய் ருசி பார்க்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்களும் வாருங்கள். உப்பு சரியாக இருக்கும்.