பெரிய எழுத்தில் ஒரு பதில்

வெள்ளிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு, குரோம்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, என் மகளுக்குப் பொய்ப் பெயரில் ஒரு பதில் எழுதி அனுப்பினேன். எல்லாம் கோணலாகப் போனது அதிலிருந்துதான்.

அவள் அப்போது பொத்தேரியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். அஸ்தினாபுரம் வீட்டு ஹாலில் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து, மாணவர்கள் கூடிப் பேசும் ஓர் இணைய விவாதக் குழுவில்தான் அவளுடைய சாயங்காலங்கள் கழிந்தன. திரையைப் பார்த்துச் சிரிப்பாள். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லாததற்கா இத்தனை சிரிப்பு என்று அடுப்படியில் நின்று வெந்துகொண்டிருப்பேன்.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது திரை திறந்தே கிடந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். இரண்டு பேப்பரில் அரியர், அம்மாவுக்கு இன்னும் தெரியாது, எப்படிச் சொல்வது என்று முகம் தெரியாதவர்களிடம் கேட்டிருந்தாள். கடைசியில் டி.ஐ.ஏ. என்று மூன்று எழுத்து. கீழே, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருத்தியின் பதில்: "பி.எம். பண்ணு செல்லம்." அரியரைவிட அந்தச் செல்லம்தான் என்னைச் சுட்டது.

நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வார்த்தைகளைச் சுருக்குவது எனக்குப் புதிதா? ஆபீசில் யாரோ கேட்டதாகச் சொல்லி, ராத்திரி தோசை வார்த்தபடி அவளிடமே கேட்டேன். அவளுக்கு ஒரே உற்சாகம். எல்.ஓ.எல். என்றால் வாய்விட்டுச் சிரிப்பது, பி.ஆர்.பி. என்றால் இதோ வந்துவிடுகிறேன், ஐ.எம்.ஹெச்.ஓ. என்றால் என் தாழ்மையான கருத்து, டி.ஐ.ஏ. முன்கூட்டியே நன்றி. எதுவும் எழுதாமல் ஒளிந்து படிப்பவர்களுக்கு லர்க்கர் என்று பேராம். பல மாதங்களுக்குப் பிறகு என்னோடு அவ்வளவு நேரம் பேசினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பி.எம். என்றால் என்ன என்று கேட்டேன்.

"பர்சனல் மெசேஜ்மா. ரெண்டு பேருக்குள்ள மட்டும். வேற யாரும் பாக்க முடியாது."

கல்லில் கிடந்த தோசையைத் திருப்பாமல் அடுப்பை அணைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கேள்விக்குக் கீழே, அவர்களைப் போலவே ஆங்கில எழுத்தில், நான் எழுதியது இதுதான்: பெற்றவளிடம் சொல்லாததை எவளோ ஒருத்தியிடம் சொல்கிறாயே, அவள் யார் உனக்கு? தந்தி மெஷினில் ஆங்கிலம் எல்லாமே பெரிய எழுத்துதான், கேபிடல் லெட்டர். என் விரல்கள் பழகியதும் அதுதான். அந்த உலகத்தில் பெரிய எழுத்தில் அடித்தால் கத்துவதாக அர்த்தம் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மளமளவென்று பதில்கள் வந்து விழுந்தன. ஏன் கத்துகிறீர்கள் என்றார்கள். வம்பு வளர்க்க வந்த ட்ரோல், தீனி போடாதீர்கள் என்றார்கள். பிறகு குழுவைக் கண்காணிக்கும் மாடரேட்டர், யாரும் மேற்கொண்டு எழுத முடியாதபடி அந்தப் பேச்சையே பூட்டிவிட்டார்.

மகள் வழக்கமாக வரும் ரயிலில் வரவில்லை. செல்போனை எடுக்கவில்லை. எஸ்.எம்.எஸ். ஒன்று அடித்து அனுப்பிவிட்டு அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவளுக்கு நான் அனுப்புவதெல்லாம் பெரிய எழுத்தில்தான். கல்லூரி லேபில் அந்தப் பதிலைப் பார்த்த மாத்திரத்தில் என்னைக் கண்டுபிடித்திருப்பாள். வீட்டு வாசலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டதையெல்லாம் நினைத்துக்கொண்டது மனசு.

தெருவிளக்கு போட்ட பிறகு ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பின்னால் என் மகள், அழுது வீங்கிய முகத்தோடு. ஓட்டி வந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் மகளின் பை அவள் தோளில் தொங்கியது. அதைத்தான் முதலில் பார்த்தேன். உள்ளே வரச் சொன்னேனா என்பது நினைவில்லை. வண்டியை விட்டு இறங்காமலேயே அவள் சொன்னாள்:

"ஆன்ட்டி, நான்தான் அந்த அக்கா. பொழிச்சலூர்ல இருக்கேன். பி.எம்.ல இவகிட்ட நான் போட்ட சண்டையே, போய் அம்மாகிட்ட சொல்லுன்னுதான். இன்னிக்கு வீட்டுக்குப் போக மாட்டேன்னு எங்கிட்ட வந்து நின்னா, கூட்டிட்டு வந்துட்டேன். கொஞ்ச நேரம் நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. அவ பேசட்டும்."