பஸ் பிள்ளைகளின் முறை

பூட்டிக் கிடக்கும் அறையில் வெயில் ஏறினால் புது ரெக்சினிலிருந்து ஒரு வாடை கிளம்பும்; கம்ப்யூட்டரை நான் முதலில் அறிந்தது அந்த வாடையாகத்தான். இளையாத்தங்குடிப் பக்கத்தில் நான் படித்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு, மலேசியாவில் தொழில் செய்த உள்ளூர்க் குடும்பம் ஒன்று நான் எட்டாவது படிக்கும்போது நான்கு கம்ப்யூட்டர்கள் வாங்கிக் கொடுத்திருந்தது. பச்சை ரெக்சின் உறை போட்டு மூடியிருந்த அவற்றை, ஒன்பதாம் வகுப்பிலிருந்த நாங்கள் தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்து மோந்துவிட்டு வருவோம்.

அந்த அறையைத் திறப்பது சாயங்காலம், பள்ளி விட்ட பிறகு. 'விருப்பப்பட்டவுக இருந்து கத்துக்கலாம்' என்று சொல்லியிருந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சுற்றுப்பட்டிகளிலிருந்து வந்த எங்களுக்கு நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குத்தான். எங்களுக்குப் பள்ளியில் பெயரே 'பஸ் பிள்ளைக'. உள்ளூர்ப் பையன்கள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு அந்த அறைக்குள் நுழையும்போது நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்போம்.

தலைமையாசிரியை ராஜேசுவரி டீச்சர் ஒருநாள் அந்த அறையின் கையெழுத்து நோட்டைப் புரட்டியிருக்கிறார். அந்த ஆண்டின் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை அதே பதினோரு பெயர்கள். எங்களை அழைத்து ஏன் வரவில்லை என்று கேட்டார். "பஸ்ஸு போயிரும் டீச்சர்" என்றோம். மறுநாள் சாயங்காலம் எங்களோடு அதே பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றபடியே கடைசி நிறுத்தம்வரை வந்துவிட்டுத் திரும்பினார். பஸ் நேரத்தை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. அப்புறம்தான், பஸ் மாறாவிட்டால் பள்ளிக்கூடம் மாறட்டும் என்று, கம்ப்யூட்டர் வகுப்பைக் காலை முதல் பிரிவேளைக்குக் கொண்டுவந்தார்.

அது கணக்கு சாரின் நேரம். நான் வருகைப் பதிவேட்டை வைக்கப் போனபோது அவர் தலைமையாசிரியை அறையில் பேசிக்கொண்டிருந்தார்.

"காலையிலதான் டீச்சர் பிள்ளைகளுக்கு மண்டையில ஏறும். நாளைக்குப் பத்தாவதுல ரிசல்ட்டு குறைஞ்சா மேல யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். நீங்க மத்தியானம் எடுத்துக்கங்க."

பதிவேட்டின் வரிசைப்படி முறை போட்டார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். பாதி நேரம் ஒருவர், மீதி நேரம் மற்றவர். எனக்கு வியாழக்கிழமை வந்தது. மூன்றாவது வியாழனன்று என் பெயரை ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் 'படக்' என்றொரு சத்தம், கருகல் வாடை, திரை இருண்டுவிட்டது. "பட்டிக்காட்டுப் பிள்ளைக கையில குடுத்தா இப்படித்தான்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நான் எதையும் கெடுக்கவில்லை என்பது எனக்கே நிச்சயமாகத் தெரியாது. என்னால் பஸ் பிள்ளைகள் எல்லாருக்குமே அறை பூட்டப்பட்டுவிடும் என்ற பயத்தில் வயிற்றுவலி என்று சொல்லி இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மிளகாய்த் தோட்டத்திலிருந்து மண் கையோடு வந்த அம்மா பதறிப்போய், "இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக, சொல்லிவிட்டிருந்தா நாங்களே வந்திருப்போமே டீச்சர்" என்றாள்.

"நாளைக்கு மெக்கானிக் வாராரு. பெட்டியக் கழட்டும்போது இவ பக்கத்துல இருக்கணும். அனுப்பி வைங்க" என்று மட்டும் சொல்லி, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

காரைக்குடியிலிருந்து வந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்து, மின்சாரம் வரும் பகுதியைக் கழற்றிக் கவிழ்த்தார். கருகிப்போன பல்லி ஒன்று மேசையில் விழுந்தது. வாசலில் நின்ற கணக்கு சார், "பல்லிக்கு யாரு முறை போட்டது?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

"அப்ப நான் பண்ணல டீச்சர்" என்றேன், நான்கு நாள் அடக்கி வைத்திருந்த அழுகையோடு.

டீச்சர் சிரிக்கவில்லை. "பல்லி இல்லாம நீயே கெடுத்திருந்தாலும் வியாழக்கிழம உன் முறை உனக்குத்தான். தெரிஞ்சவுகளுக்கு மட்டுந்தான் குடுப்போம்னா பள்ளிக்கூடம் எதுக்கு?"

அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று பேர் தவறினார்கள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டபோது, சொன்னபடியே அவர் சிவகங்கைக்குப் போய் நின்று பதில் சொல்லிவிட்டு வந்தார். அந்த மூவரையும் கோடை முழுக்க உட்கார வைத்துத் தேற்றி, மறுதேர்வில் தேற வைத்தவர் கணக்கு சார்.

இன்று மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கிறேன். போன மாதம் சான்றிதழ் ஒன்றுக்காக அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். பச்சை உறைகள் இல்லை, தொப்பை வைத்த அந்த மானிட்டர்கள் இல்லை, கையெழுத்து நோட்டும் இல்லை. சுவர் நிறையத் திரை. பிள்ளைகள் செருப்புக் காலோடு போய் வருகிறார்கள்.

அங்கிருந்து நேரே காரைக்குடிக்குப் போய், ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் டீச்சரைப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் சொல்லி, இத்தனை நாள் சொல்லாமல் விட்ட நன்றியையும் சொன்னேன். என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"உன்னைய ஞாபகம் இல்லையேம்மா" என்றார். "உங்களுக்கு முந்தின வருசம் நான் அந்த நோட்டத் தொறந்தே பாக்கல. அந்த வருசம் பத்தாவது முடிச்சு, கம்ப்யூட்டரத் தொடாமப் போன பிள்ளைக ஒம்போது பேரு. அவுக பேருதான் ஞாபகம் இருக்கு."

விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஐந்தாவதாகச் சொன்னது எங்கள் தெரு அக்காவின் பெயர். அவளுடைய எண் என்னிடம் இருந்தது. அழைத்து, மறுமுனையில் அவள் குரல் கேட்டதும் போனை டீச்சர் கையில் கொடுத்தேன்.